கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காடு: பேராக் பால்மரத்தின் முன்கதை



பள்ளி விடுமுறைகளில் மாணவர்கள் செய்யும் அறிவியல் செயல்திட்டங்களுள் ஒன்று, கண்ணாடித் தொட்டிக்குள் சிறிய மழைக்காட்டை உருவாக்குவது. ஈர மண்ணில் பெரணியும் பாசியும் நட்டு மூடிவிட்டால், மாதக் கணக்கில் நீர் ஊற்றாமலேயே அவை வளர்கின்றன. பலரும் இதனை அழகுக்கான பொழுதுபோக்கு என்றே கருதுகின்றனர். ஆயினும், நம் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டிய ரப்பர் மரம் கடல் கடந்து ஆசியாவுக்கு வருவதற்கு இத்தகைய கண்ணாடிப் பெட்டியே துணை நின்றது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

புட்டிக்குள் முளைத்த பெரணி

நதானியேல் பேக்ஷா வார்டு (1791–1868) இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். தாவரங்களின் மீது தீராத பற்றுடையவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் ஆசையோடு வளர்த்த பெரணிகள் பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சி ஒன்று கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருவதைக் காண விரும்பி, அதனை ஈர மண்ணுடன் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். சில நாள்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே வாடிய செடி உள்ளே தழைப்பதைக் கண்டு அவர் வியந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அச்செடிகள் நீர் ஊற்றப்படாமலேயே உயிர் வாழ்ந்தன. பின்னர் மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்ததால் அழிந்தன.

இதன் காரணம் நம் ஆரம்பப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே உள்ளது. பகலில் இலைகள் வெளிவிடும் நீராவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, துளிகளாகி, மீண்டும் மண்ணைச் சேர்கிறது. ஒளிச்சேர்க்கையின்போது செடி கரிவளியை ஏற்று உயிர்வளியை வெளிவிடுகிறது. செடியின் சுவாசமும், உதிர்ந்த இலைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அக்கரிவளியைத் திரும்பத் தருகின்றன. ஒளி மட்டுமே வெளியிலிருந்து வருகிறது. ஒரு மழைக்காட்டில் நிகழும் சுழற்சியின் சிறு வடிவம் இதுவே.

கப்பலேறிய பெட்டிகள்

அக்காலத்தில் நீண்ட கடற்பயணத்தில் செடிகளை உயிருடன் கொண்டு செல்வது மிகவும் கடினம். உப்புக்காற்றும் நன்னீர்ப் பற்றாக்குறையும் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். 1833ஆம் ஆண்டில் வார்டு தம் பெட்டிகள் இரண்டை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பினார். அவற்றிலிருந்த செடிகள் நலமுடன் சென்று சேர்ந்தன. ஆஸ்திரேலியச் செடிகளும் அதே பெட்டிகளில் உயிருடன் இலண்டனை அடைந்தன. 1842ஆம் ஆண்டில் அவர் இம்முறையை நூலாக எழுதி வெளியிட்டார். அன்று முதல் 'வார்டியன் பெட்டி' பேரரசுகளின் கருவியாயிற்று. சீனத் தேயிலைக் கன்றுகளை இராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைச் சாரலுக்கு அனுப்பியதும், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனாக் கன்றுகள் 1860களில் நீலகிரியில் வேரூன்றியதும் இத்தகைய பெட்டிகளின் உதவியால்தான்.

அமேசானிலிருந்து கோலகங்சார் வரை

ரப்பர் விதையை அறிந்தவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். எண்ணெய்ப் பசை மிகுந்த அவ்விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றுள் பெரும்பாலானவை உயிருடன் கரை சேர்ந்தன.

1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை அடைந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு வந்து, அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சியதாகக் கருதப்படும் மரம் கோலகங்சார் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இடம் அது. பெற்றோர்கள் தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். காப்பித் தோட்டங்கள் நட்டமடைந்த காலமாதலின், முதலாளிகள் ரப்பருக்கு மாறினர். மோட்டார் வாகனங்களுக்கான டயர் தேவை பெருகவே, பேராக் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின.

மரத்தின் பின்னால் வந்த மக்கள்

மரம் வந்தது, பால் வெட்டக் கைகள் தேவைப்பட்டன. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் நம் மக்கள் அழைத்து வரப்பட்டனர். ஒளி படவேண்டும் என்பதற்காகக் கன்றுகளின் பெட்டிகள் கப்பலின் மேல்தளத்தில் வைக்கப்பட்டன. நம் முன்னோரும் டெக் பயணிகளாகவே வந்தனர். ஆனால் கன்றுகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காடழித்த நிலத்தில் பரவிய மலேரியாவுக்குப் பலர் பலியாயினர். அவர்களுக்குத் தரப்பட்ட கசப்பான கொய்னா மருந்தின் மரமும் கண்ணாடிப் பெட்டியில் பயணம் செய்ததே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்தத் தோட்டங்களில்தான் நம் தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பிறந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. இன்று ரப்பர் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயங்கள் மறைந்தன. ஆயினும் பல பள்ளிகளின் பெயரில் 'தோட்டம்' என்னும் சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. அச்சொல் ஏன் அங்கிருக்கிறது என்று கேட்டால் விடை சொல்ல இயலாத மாணவர்களை நான் வகுப்பறையில் காண்கிறேன். பால்மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். அதனைச் சொல்லித் தரும் கடமை நம்முடையது அன்றோ?

இன்னொரு பாடம்

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்னும் மாபெரும் கண்ணாடிக் கூடம் அமைக்கப்பட்டது. அதனுள் சிறிய மழைக்காடும் இருந்தது. 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அதனுள் வாழ்ந்தனர். ஆனால் வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் உயிர்வளியைப் பெருமளவு பயன்படுத்தின. வெளிவந்த கரிவளியின் ஒரு பகுதியைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சின. 20.9 விழுக்காடாக இருந்த உயிர்வளி 14.5 விழுக்காடாகக் குறைந்தது. வெளியிலிருந்து உயிர்வளி செலுத்த நேர்ந்தது. மனிதன் கட்டும் காடு இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே சான்று. நம் பேராக்கின் ரோயல் பெலும் காட்டைக் காக்க வேண்டியதன் தேவையை மாணவர்களுக்கு உணர்த்த இவ்வெடுத்துக்காட்டு பெரிதும் பயன்படும்.

வீட்டில் செய்து பார்க்க

அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டியோ பழைய மீன்தொட்டியோ போதும். அடியில் இரண்டு விரல் உயரத்திற்குக் கூழாங்கல், அதன்மேல் மெல்லிய அடுக்காகக் கரித்துண்டுகள், அதன்மேல் மண். வீட்டுச் சுவரோரம் முளைக்கும் சிறு பெரணியும் பாசியும் ஏற்றவை. பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்தும் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்தும் செடிகளைப் பறித்து வர வேண்டாம். மண் நனையும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து இறுக மூடுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். கண்ணாடி எந்நேரமும் வியர்த்திருந்தால் நீர் மிகுதி என்று பொருள். சிறிது நேரம் திறந்து வைத்து மூடலாம். ஏடிஸ் கொசு பற்றிய கவலை பெற்றோருக்கு இருக்கலாம். மண்ணின்மேல் நீர் தேங்காமலும் மூடி இடைவெளியின்றியும் இருந்தால் அக்கவலை வேண்டாம்.

மாணவர்கள் நாள்தோறும் துளிகளையும் துளிர்களையும் குறிப்பேட்டில் எழுதட்டும். அதே குறிப்பேட்டில், தம் குடும்பத்தினர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தனர் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பால் வெட்டிய கைகள் நம்மிடையே இருக்கும்போதே அந்தப் பக்கம் எழுதப்பட வேண்டும்.