பிறந்த வேலையும் பிழைக்கும் வேலையும்: ஆர்எக்ஸ்100, ஆர்15

வேலைக்குப் போய்வருவதற்கென்று பிறந்த வண்டி ஒன்று பந்தய வண்டி என்று பெயரெடுத்துவிட்டது. பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து வரையப்பட்ட வண்டி ஒன்று தினமும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறது. முன்னது யமஹா ஆர்எக்ஸ்100. பின்னது அதே நிறுவனத்தின் ஆர்15. 1985இல் வந்த முன்னது 1996இல் நின்றது. 2008இல் வந்த பின்னது மூன்று முறை உருமாறி இன்னும் ஷோரூமில் நிற்கிறது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது அதன் முதல் இரண்டு வடிவங்களை மட்டும்தான்; பழைய வண்டிச் சந்தையில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை அவையே.

ஒப்பிட ஒரு சாலையும் வேண்டும். போரூரிலிருந்து பூந்தமல்லி வழியாக இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வரை என்று வைத்துக்கொள்வோம். பாதி தூரம் நகர நெரிசல், மீதி தூரம் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலை. சென்னையின் பந்தயத் தடமும் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. ஆர்15 மட்டுமே ஓடும் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. அதே வண்டியில் டிபன் பாக்ஸோடு அந்த வழியே ஷிப்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதிர்பாராத உறவு இன்ஜினுக்குள் ஒளிந்திருப்பதால் அங்கிருந்து தொடங்குவோம். ஒன்று டூ ஸ்ட்ரோக், காற்றில் குளிர்வது, கார்புரேட்டர் வைத்தது, கியர் நான்கு. மற்றது ஃபோர் ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வைத்தது, பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சுவது, கியர் ஆறு. பார்த்தால் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. ஆர்எக்ஸின் 98 சிசி இன்ஜின் 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தருகிறது. ஆர்15இன் 150 சிசி இன்ஜின் 8,500 சுற்றில் 17 தருகிறது. இரண்டையும் கொள்ளளவால் வகுத்தால் நூறு சிசிக்குப் பதினொன்றேகால் குதிரைத்திறன், இங்கும் அதுவே, அங்கும் அதுவே. முறுக்குவிசை முன்னதில் 10.4 நியூட்டன் மீட்டர், பின்னதில் 15. அதையும் வகுத்தால் பத்தரையும் பத்தும் வருகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆர்எக்ஸின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளமும் 50. பிசகில்லாத சதுரம். ஆர்15இல் விட்டம் 57, ஓட்டம் 58.7. பந்தய இன்ஜின் என்றால் விட்டம் அகன்று ஓட்டம் குறுகியிருப்பதுதான் வழக்கம். ஆர்15 அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, தன்னைவிட 23 ஆண்டு மூத்த வண்டியின் அளவுப் பொருத்தத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெடித்து ஆர்எக்ஸ் ஈட்டும் திறனை, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடித்தே ஆர்15 ஈட்டிவிடுகிறது. நான்கு வால்வு, 10.4க்கு 1 என்ற அழுத்த விகிதம், அளந்து பீய்ச்சும் எரிபொருள் எல்லாம் சேர்ந்து அந்தப் பாதிக் குறையை நிரப்புகின்றன.

எண்கள் ஒன்றானாலும் கைக்கு இரண்டும் ஒன்றல்ல. போரூர் சிக்னலில் பச்சை விழும்போது ஆர்எக்ஸ் முதலில் போய்விடும். நூறு கிலோவை ஒட்டிய எடையும் குறைந்த வேகத்திலேயே பாய்வதற்கு ஏற்ற கியர் விகிதமும் அதற்குத் துணை. ஆர்15 சுமார் முப்பது கிலோ கூடுதல். 5,000 சுற்றுக்குக் கீழே அது சோம்பல். நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே இடது கால் ஓயாமல் அலையும். பூந்தமல்லியைத் தாண்டிச் சாலை விரிந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஆறாவது கியரில் 80இல் ஆர்15 அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஆர்எக்ஸ் அதே 80ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஆனால் கைப்பிடி வழியாகவும் ஃபுட்ரெஸ்ட் வழியாகவும் அந்த உழைப்பின் அதிர்வு முழுதும் உடம்பில் இறங்கும்.

நிறுத்துவதில்தான் இரண்டுக்கும் உண்மையான இடைவெளி. ஆர்எக்ஸில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம். ஆர்15இல் முன்னே 267, பின்னே 220 மில்லிமீட்டர் டிஸ்க். ஆக்சிலரேட்டரை விட்டதும் இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங் டூ ஸ்ட்ரோக்கில் பெயரளவுக்குத்தான் உண்டு. அந்தச் சுமையும் பிரேக் ஷூ தலையில் விழுகிறது. வேகம் எடுப்பதில் தன் காலத்தைத் தாண்டி நின்ற வண்டி, நிற்பதில் தன் காலத்திலேயே நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், முன்னால் போகும் பேருந்துக்கும் நமக்கும் இடையில் எவ்வளவு இடம் விடுவது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆர்15 இதில் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனாலும் அது முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது: நாம் பேசும் இரண்டு வடிவங்களிலும் ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயமானது 2019இல்தான். ஈரச் சாலையில் பிடிமானத்தை விரல் நுனியால் உணர்ந்து ஓட்டும் பழக்கத்தை இரண்டு வண்டிகளும் ஒரே கண்டிப்போடு கேட்கின்றன.

உட்காரும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆர்எக்ஸில் நிமிர்ந்து உட்காரலாம், ஹேண்டில்பாரில் காய்கறிப் பையை மாட்டலாம், நீண்ட தட்டைச் சீட்டில் மனைவியும் பிள்ளையும் வசதியாக அமரலாம். ஆர்15இன் தாழ்ந்த கைப்பிடியில் பை மாட்ட இடமில்லை. முழுக்கத் திருப்பினால் கட்டை விரல் டேங்கில் நசுங்கும். நெரிசலில் மணிக்கட்டு வலிக்கும். வேகம் கூடியதும் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ள, கையிலிருந்து பாரம் இறங்கிவிடும். இது நெடுஞ்சாலைப் பாதிக்காக அமைந்த இருக்கை என்பது அப்போது விளங்கும். 2011இல் வந்த இரண்டாம் வடிவத்தின் பின்சீட்டைப் பற்றி ஒரே வார்த்தை: பரண். புடவை கட்டியவர் அதில் ஒருமுறை ஏறினால் மறுமுறை ஷேர் ஆட்டோவைத்தான் தேடுவார். ஷோரூமிலிருந்து வரும்போது இரண்டிலும் இருந்த சாரி கார்டு, பழைய சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டிலுமே இருப்பதில்லை.

வாங்கும் நேரத்துக்கு வருவோம். இங்கே இரண்டும் மறுபடி உறவாகின்றன, சற்று வேடிக்கையான வகையில். பழைய பொருள் பளபளத்தால் மகிழ்வது நம் இயல்பு. இந்த இரண்டிலும் பளபளப்புதான் முதல் சந்தேகம். புதுப் பெயின்டும் புதுக் குரோமுமாக நிற்கும் ஆர்எக்ஸ், பல வண்டிகளின் உறுப்புகள் கூடிப் பிறந்ததாக இருக்கலாம். தம்பி வண்டியான ஆர்எக்ஸ்135இன் இன்ஜினைச் சுமந்துகொண்டு நூறு சிசி ஆர்.சி.யோடு திரியும் வண்டிகளும் உண்டு. எனவே இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஆர்15இல் புத்தம் புது ஃபேரிங்கும் ஸ்டிக்கரும் இருந்தால், பழைய ஃபேரிங்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். வண்டி விழுந்த கதை ஃபேரிங்கில் இருக்காது. பிரேக் லீவரின் நுனி, ஹேண்டில் முனை, ஃபுட்ரெஸ்டின் ஓரம், ஃபோர்க்கின் நேர்மை இவற்றில் எழுதியிருக்கும். உராய்ந்த பழைய ஃபேரிங்கோடு நிற்கும் ஆர்15ஐயும் நிறம் மங்கிய பழைய டேங்கோடு நிற்கும் ஆர்எக்ஸையும் நான் அதிகம் நம்புவேன்.

பழுது பார்ப்பதில் இரண்டும் எதிரெதிர் திசையில் நடக்கின்றன. ஆர்எக்ஸின் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ். தேய்ந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம்; அதுவும் தேய்ந்தால் அடுத்த அளவு. உயிரை நீட்டிக்க நீட்டிக்க அது இடம் கொடுக்கும். ஆர்15இன் சிலிண்டர் டையாசில் என்ற சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு, ஸ்லீவே கிடையாது. வெப்பத்தை விரைவாகக் கடத்தும், எளிதில் தேயாது. தேய்ந்துவிட்டால் ரீபோருக்கு வழியில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஆர்எக்ஸ் அடிக்கடி கேட்கும், கொஞ்சமாகக் கேட்கும். ஆர்15 எப்போதோ கேட்கும், மொத்தமாகக் கேட்கும். மாதச் சம்பளக்காரருக்கு முன்னது தொந்தரவு, பின்னது அதிர்ச்சி. எதைத் தாங்க முடியும் என்பது ஆளைப் பொறுத்தது.

நடுவழியில் நிற்கும் விதமும் அப்படியே. நெரிசலில் நெடுநேரம் மெதுவாக ஓடினால் ஆர்எக்ஸின் ஸ்பார்க் பிளக் ஆயில் படிந்து அடைக்கும். தெரிந்தவர்கள் இன்னொரு பிளக்கும் ஸ்பேனரும் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். 2டி ஆயில் தீராமல் பார்க்க வேண்டும், சைலன்சரில் படியும் கார்பனை அவ்வப்போது எடுக்க வேண்டும். ஆர்15இல் இந்தச் சில்லறைத் தொல்லை எதுவுமில்லை. கூலன்ட் அளவைப் பார்த்து, திறந்த செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் பேட்டரி இறந்தால் ஃப்யூயல் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் சாலையோரத்தில் நம் கையால் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஒன்றுக்குக் கையில் கரி படிய வேண்டும். மற்றதற்கு ஃபோனில் மெக்கானிக் நம்பர் இருக்க வேண்டும்.

உதிரிபாகம் தேடிப் போகும் இடங்கள் இரண்டுக்கும் பொது. புதிது வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையது வேண்டுமானால் புதுப்பேட்டை. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலான வண்டிக்குச் சாமான் கிடைப்பதுதான் கடினம் என்று தோன்றும். ஆர்எக்ஸுக்குத் தேவை குறையாததால் போலியும் அசலுமாகக் கடை நிறையச் சாமான் இருக்கிறது. அசலைப் பிரித்தறிவதுதான் பாடு. ஆர்15இன் முதல் வடிவத்துக்கோ, ஃபேரிங்கைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்காகக்கூடக் கடை கடையாக ஏற நேரிடும். வயதில் இளையது, அந்த வகையில், முதலில் அநாதையாகிறது.

சட்டத்தின் கண்ணில் இவை இப்போது ஒரே வகுப்பு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்எக்ஸ்காரர்களுக்கு இது பழகிய சடங்கு. 2008, 2009இல் பதிவான ஆர்15களும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் இரண்டுக்கும் ஒரே அளவு அந்நியம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் சும்மா நின்றால் டேங்கில் துருவும் ஆர்எக்ஸின் கார்புரேட்டரில் கசடும் சேரும், பழைய ரப்பர் குழாய்கள் கெடும். தினமும் ஓடி, தினமும் பெட்ரோல் மாறும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. வேலைக்குப் போய்வருவதே இவற்றுக்கு ஒரு வகையில் மருந்து.

ஆனால் அந்த மருந்தை எந்த வண்டிக்குக் கொடுக்க முடிகிறது என்று பாருங்கள். ஆர்15 எல்லா வண்டியையும் போல ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கியது. இறங்கிய விலையே அதற்கு விடுதலை. கம்பெனி ஸ்டாண்டில் இடிபட்டு நிற்கலாம், மழையில் நனையலாம், யார் வேண்டுமானாலும் சாய்த்து நகர்த்தலாம். ஆர்எக்ஸ் விலை ஏறியது. நல்ல நிலையில் உள்ளது இன்று ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. காப்பீட்டு நிறுவனமோ தேய்மானம் கழித்துத்தான் மதிப்புப் போடும். வண்டி காணாமல் போனால் கிடைக்கும் தொகையில் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். பூட்டும் பழைய காலத்துப் பூட்டு. திருடுபவருக்கும் அதன் சந்தை மதிப்பு நன்றாகத் தெரியும்.

இந்தச் சாலைக்கு எது என்று கேட்டால், பிரேக்கை நினைத்து ஆர்15 என்பேன். நகருக்குள்ளேயே முடியும் பயணத்துக்கு ஆர்எக்ஸ்தான் இன்றும் பொருத்தம். எடை, பிக்அப், சீட் எல்லாம் அதன் பக்கம். அந்தப் பயணத்துக்கு அதை எடுக்கத்தான் சொந்தக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஆர்எக்ஸ்காரர்களில் பெரும்பாலோர் தினசரி வேலைக்கென்று தனியாக ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள்.