இருபத்தைந்து அடிகளுக்காக ஒரு வாழ்நாள்

கல்லடிப் பாலத்தில் நிலவு நாளில் நின்றவர்களிடம் மீன் பாடியதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டேன் என்பார் ஒருவர். வெறும் கற்பனை என்பார் மற்றவர். மட்டக்களப்பு வாவியின் இந்தப் பழைய வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. அந்த மண்ணில் பிறந்த ஒருவர், தம் காலத்தில் எவருமே கேட்டிராத ஓர் ஒலியைத் தேடிச் சென்ற கதையையே இங்கு எழுத விழைகிறேன்.

பள்ளிப் பருவத்தில் சுவாமி விபுலாநந்தர் எமக்கு ஒரு துறவி. பாடநூலில் வரும் ஒரு பாட்டின் ஆசிரியர். அவர் பெரும் இலக்கிய வரலாற்று அறிஞர் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாள்களிலேதான் உணர்ந்தேன்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். 1924இல் துறவு பூண்டார். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கி, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே.

ஈழத்தில் தமிழ் இலக்கிய வரலாற்று முயற்சிக்கு முன்னோடி, 1859இல் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூராக்'. அது புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்த நூல். பாடியவர் யார் என்பது அதன் கேள்வி. பாடியது எவ்வாறு ஒலித்தது என்பது விபுலாநந்தரின் கேள்வி.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் திறம் கூறும் பகுதி 25 அடிகளே. யாழ் வழக்கொழிந்த பின் அந்த அடிகளுக்குச் சொற்பொருள் கூற முடிந்தது. அவற்றை இசைத்துக் காட்ட இயலவில்லை. அடிகளார் உரைகளைக் கற்றார். நரம்புகளின் அளவையும் சுருதியையும் கணக்கிட்டார். யாழின் வகைகளுக்கு மீண்டும் உருவம் கொடுத்தார். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவரிடத்தே கூடியதால் விளைந்த நூலே 'யாழ் நூல்'.

1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகளார் மறைந்தார். இடையில் ஆறு வாரங்களே. கல்லடி உப்போடையில், தாம் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே துயில்கிறார்.

அவருக்கு இந்தச் செவி எங்கிருந்து வந்தது? காரைதீவு கண்ணகி அம்மன் ஊர். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடப்படும் நிலம் அது. கோவலன் கதை அவரை ஏடாக எட்டுமுன் ஓசையாகவே எட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கிருந்து இதை வாசித்தாலும், எம்மவரிடம் ஒரு வேண்டுகோள். வழக்குரையோ கூத்துப் பாடலோ அறிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் குரலை இப்போதே பதிந்து வையுங்கள். எழுத்து மட்டும் எஞ்சி ஓசை போய்விட்டால், அதை மீட்க இன்னொரு விபுலாநந்தரும் இன்னொரு வாழ்நாளும் தேவைப்படும்.