கல்லிற் பொறித்த சம்பளம்

அரசாங்க ஊழியர் ஒருவர் மாதந்தோறும் பெறும் சம்பளம் இவ்வளவு என்று குடிமக்கள் அறியலாமா? அது பொதுப்பணம், ஆதலால் ஊரார் அறிதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். உழைத்துப் பெற்ற கூலி ஒருவரது வீட்டு வாசலுக்குள் அடங்கியது. பிறர் அதனை எட்டிப் பார்த்தல் பண்பன்று என்பர் மறுசாரார். இவ்வழக்கு நேற்றுத் தோன்றியது போலக் காணப்படினும், இதன் வேர் ஆயிரம் ஆண்டுகட்கு அப்பாலுஞ் செல்கின்றது.

அநுராதபுரத்துக்குக் கிழக்கேயுள்ள மிகிந்தலையில் இரண்டு பெருங் கற்பலகைகள் நிற்கின்றன. அவை பத்தாம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் பொறிப்பித்தவை. துறவிகளுக்குரிய ஒழுங்குவிதிகளுடன், விகாரையிற் பணிபுரிந்தோருக்கு வழங்கவேண்டிய தானியமும் நிலமும் அவற்றிலே பணிவாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. செலவுக் கணக்கை நாள்தோறும் எழுதிவைத்து, ஆண்டு முடிவிற் சங்கத்தார் முன்னிலையில் ஒப்புவித்தல் வேண்டும் என்பதும் அங்குள்ள விதியாகும்.

கடலுக்கு அப்பால், தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராச சோழன் இன்னும் ஒருபடி மேலே சென்றான். அவன் காலத்துக் கல்வெட்டொன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகக் கூறுகின்றது. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதும், அவளது பெயரும், அவள் வந்த ஊரும் அங்கே உள. ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், இசைவாணர், கணக்கர் முதலியோர்க்குரிய பங்குகளும் அவ்வாறே குறிக்கப்பட்டன. ஒருவர் இறந்தால் அவரது பங்கு உறவினருள் தகுதியுடையார்க்குச் சேரும் என்ற விதியும் உண்டு.

இதனால் அப்பெண்களுக்கு இழுக்கு நேர்ந்ததென்று கொள்ளுதற்கு இடமில்லை. மாறாக, கல்லிற் பொறித்த கூலியை எந்த மேலாளனும் குறைத்து அளத்தல் அரிது. நூறு கலம் என்பதை ஊர் அறிந்திருக்க, தொண்ணூறு கலம் அளப்பவன் எவர் முகத்தில் விழிப்பான்? வெளிப்படையான கணக்கு கொடுப்போனைக் காவல் செய்வது போலவே, பெறுவோனையும் காவல் செய்கின்றது. சம்பளத்தைப் பகிரங்கப்படுத்துதல் ஊழியனுக்கு எதிரான செயல் என்று எண்ணுவோர் இப்பயனை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும், சம்பளத்தை எழுதிவைத்தல் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிற் கிடைக்கின்றது. பிரித்தானிய ஆட்சியில் ஆண்டுதோறும் தயாரிக்கப்பெற்ற நீலநூலில் உத்தியோகத்தரின் பெயர், பதவி, சம்பளம் ஆகியன நிரல்படக் காணப்பட்டன. கோல்புறூக் ஆணையாளரின் விதப்புரைகளை அடுத்து, 1830களில் சிக்கனம் கருதிச் சிவில் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன, ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் மலைநாட்டிற் கோப்பிப் பயிர் பொன்விளையத் தொடங்கிற்று. முடிக்குரிய காணி ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்னும் அடிவிலைக்குக் கிடைத்தது. காணியை விற்கும் அரசாங்கத்தின் உத்தியோகத்தரே அதனை வாங்குவோராகவும் மாறினர். கச்சேரியில் இருக்கவேண்டிய கருத்து தோட்டத்திற் சென்று தங்கியது.

நீலநூற் பத்தியிலே சம்பளம் ஒளிவின்றி இருந்தது. ஆனால் கோப்பி தந்த வருவாய்க்கு அப்பத்தியில் இடமில்லை. ஆட்சியின் நேர்மையைக் கெடுத்தது வெளியே தெரிந்த வருவாயன்று, தெரியாத வருவாயே. 1840களின் நடுப்பகுதியிற் செய்யப்பட்ட சீர்திருத்தம் சம்பளத்தை உயர்த்தி, ஓய்வூதியத்தை மீட்டு, உத்தியோகத்தர் வாணிகமும் பயிர்த்தொழிலும் செய்தலைத் தடுத்தது. போதிய கூலி கொடாது நேர்மையை மட்டும் வேண்டுதல் பயனற்றது என்பதையும் அரசு அப்போது கற்றுக்கொண்டது.

இக்காலத்திலும் இப்பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. பதவிக்குரிய சம்பளத் திட்டத்தை வர்த்தமானி அறிவித்தல்களிலும் சுற்றுநிருபங்களிலும் எவரும் காணலாம். இலங்கையில் 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. எனினும் தனிப்பட்டவரின் அந்தரங்கத்தைப் பெரும் பொதுநலன் வேண்டினாலன்றி வெளியிடலாகாது என்று அச்சட்டமே வரம்பும் இட்டது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் ஊழியரின் மாத ஊதியத்தையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிடல் வேண்டும் என விதித்தது. ஆனால் ஊழியரின் வருமானவரி அறிக்கை தனிப்பட்ட தகவலே என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதிகாரம் மிக்கோரின் சொத்துகள் பற்றிய வெளிப்படுத்தலுக்கு இலங்கையில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

அந்தரங்கத்தை வேண்டுவோர் அச்சமும் வீணானதன்று. சிற்றூழியர் ஒருவரின் சம்பளம் தெரிந்தால், கடன் கேட்போரும் நன்கொடை கேட்போரும் அவர் வாசலை மிதிப்பர். சம்பளத்திற் கழிக்கப்படும் கடன் தவணை தெரிந்தால், அவர் வீட்டுத் துயரும் சந்தைக்கு வந்துவிடும். பிள்ளையின் நோய்க்காகவோ மகளின் திருமணத்துக்காகவோ பட்ட கடனை அறியும் உரிமை ஊருக்கு ஏது?

ஆதலால் எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பதே உண்மையான வினா. பதவிக்கு அரசு கொடுப்பது முழுவதும், அதாவது சம்பளமும் படிகளும் மேலதிக நேரக் கொடுப்பனவும், பொதுக்கணக்கில் அடங்கும். பதவியை வைத்து வேறு வருவாய் தேடக்கூடியவர் தம் சொத்தையும் கூறக் கடமைப்பட்டவர். கைக்கு வந்த கூலியை ஊழியர் எவ்வாறு செலவிட்டார் என்பதோ அவரது இல்லத்தைச் சார்ந்தது. தஞ்சைக் கல்வெட்டு அவ்வெல்லையை அன்றே காட்டி நிற்கின்றது: நானூறு பெண்டுகளுக்கும் எத்தனை கலம் நெல் என்று அது சொல்கின்றது, அந்நெல்லை எவர் உலையில் இட்டனர் என்று அது சொல்லவில்லை.