வீட்டுப் பாட்டும் அந்நியர் அலமாரியும்

பாட்டு என்றால் ஸ்ரூடியோவில்தான் பிறக்கும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மணிக்கணக்கில் வாடகை, ஒலிப்பதிவாளர், இசைத்தட்டுக் கொம்பனி, விநியோகஸ்தர். காசில்லாதவன் குளியலறையில் பாடிக்கொள்ளலாம்.

1979இல் யப்பானின் ரீயக் கொம்பனி 'போட்டாஸ்ரூடியோ 144' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. சாதாரண கசெற்றிலேயே நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியலாம். முதலில் கிற்றார். அதைக் காதில் கேட்டபடி அடுத்த தடத்தில் குரல். பிறகு ஆர்மோனியமோ தகரப்பேணியோ, எது கிடைக்கிறதோ அது. ஒரே ஆள் ஒரு கோஷ்டியாகிவிடலாம். 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், நியூஜேர்சியில் தன் படுக்கையறையில் இருந்து இந்தக் கருவியில் சில பாடல்களைப் பதிந்தார். தன் குழுவினருக்கு மாதிரி காட்டுவதற்காகத்தான். குழுவோடு ஸ்ரூடியோவில் வாசித்துப் பார்த்தால் சரிவரவில்லை. கடைசியில் அந்த வீட்டுக் கசெற்றே செப்ரெம்பரில் 'நெப்றாஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. அவர் ஏற்கெனவே புகழ்பெற்றவர். புகழில்லாதவனின் கசெற் தபால் உறையில்தான் பயணம் செய்தது. பத்துப் பேர் கேட்டாலே பெரிய காரியம்.

கசெற்றின் அருமையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாம்.

தபால் உறையின் இடத்தை இணையம் பிடித்தது 1993இல். கலிபோர்னியாவின் சான்ரா குறூஸ் பல்கலைக்கழக மாணவர்களான றொப் லோட், ஜெப் பற்றர்சன் இருவரும் நண்பர் ஜோன் லுயினியோடு சேர்ந்து 'ஐயூமா' என்ற காப்பகத்தைத் தொடங்கினார்கள். கொம்பனி கிடைக்காத குழுக்கள் தங்கள் பாட்டை அங்கே வைக்கலாம், உலகத்தில் எவரும் எடுத்துக் கேட்கலாம். தடையாக இருந்தது பாட்டின் பருமன்தான். நான்கு நிமிடப் பாட்டு 40 மெகாபைற். அன்றைய ரெலிபோன் இணைப்பில் அதை இறக்கப் பல மணித்தியாலம் வேண்டும். ஜேர்மனியின் எர்லாங்கனில் பிறவுண்ஹோபர் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கி, 1995 யூலை 14இல் 'எம்பி3' என்று பெயர் சூட்டிய முறை அதைப் பத்திலொன்றாகச் சுருக்கியது. உணவகச் சமையற்கட்டில் நிற்பவர்களுக்கு இதன் சூட்சுமம் இலகுவில் விளங்கும். புகையிழுக்கும் மெசின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் முணுமுணுப்பது கேட்காது. பெரிய சத்தத்துக்குள் அமுங்கிக் காதில் விழாததைச் சேமிப்பானேன்?

1997இல் மைக்கல் றொபேட்சன் தொடங்கிய 'எம்பி3.கொம்' ஒருபடி மேலே போய், பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டதோ அதற்கேற்பப் பாடியவருக்குக் காசும் கொடுத்தது. பிறகு தொடங்கிய வேறொரு சேவையால் யுனிவேர்சல் இசைக் கொம்பனி வழக்குப் போட்டது. 2000இல் 5 கோடி 34 லட்சம் டொலர் நட்டஈடு. 2001இல் விவெண்டி யுனிவேர்சலே தளத்தை விலைக்கு வாங்கியது. 2003இல் தளத்தின் பெயர் மட்டும் சீநெற் கொம்பனிக்குக் கைமாறியது. பாடல்கள் விற்பனையில் சேரவில்லை. டிசெம்பரில் அவை அழிக்கப்பட்டன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாடல்கள், பெரும்பாலும் வீட்டு அறைகளில் பிறந்தவை.

1981இல் யாழ்ப்பாணம் நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை நினையாமல் இதை எழுத என்னால் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அங்கே தீ வைத்தவர்கள் இருந்தார்கள், வன்மம் இருந்தது. இங்கே ஒருவருக்கும் அந்தப் பாட்டுக்களோடு கோபமில்லை. அலமாரிக்கு வாடகை கட்ட மனமில்லை, அவ்வளவுதான்.

என்னோடு கோப்பை கழுவும் பொடியன் இரவு கடை பூட்டியபின், களஞ்சிய அறையில் ரெலிபோனை அரிசி மூட்டைமேல் நிறுத்திவைத்துப் பாடிப் பதிகிறான். வவுனியாவில் தாய் அடுத்தநாள் கேட்டுவிடுகிறார். பிரதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "அதுக்கை கிடக்குத்தானே அண்ணை" என்றான்.

மைஸ்பேஸில் பாட்டு வைத்தவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்டவை, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தொலைந்துவிட்டன என்ற விடயம் 2019 மார்ச்சில் பரவலாக வெளிவந்தது. ஐந்து கோடிப் பாடல்கள் என்று மதிப்பிட்டார்கள். மீண்டவை 4,90,000. அவையும் பாட்டின்மேல் கொண்ட ஆசையால் காப்பாற்றப்பட்டவையல்ல. 2008க்கும் 2010க்கும் இடையில் ஏதோ ஓர் ஆய்வுக்காகச் சில கல்வியாளர்கள் இறக்கி வைத்திருந்தவை.