பேறுகால அறையும் எச்.ஐ.வி. தடுப்பும்: ஒரு முன்வரலாறு

எச்.ஐ.வி. தடுப்பு வரலாற்றில் கத்தோலிக்கத் திருச்சபையின் இடம் என்றதும் ஆணுறை எதிர்ப்பே முதலில் நினைவுக்கு வருகிறது. அது மெய்தான். ஆயினும் ஐதராபாத்தின் இரட்டை நகரான செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தின் வரலாறு வேறொரு கோணத்தையும் காட்டுகிறது. அதன் வேர் குண்டூரில் இருக்கிறது.

1920இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி குண்டூருக்கு வந்து, டச்சுக் கன்னியர் நடத்திய இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்காத காலம் அது. பேறு பார்ப்பது அதனினும் கடுமையாக விலக்கப்பட்டிருந்தது. திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி பெற்றே அவர் மருத்துவம் பார்க்க முடிந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் வாழ்ந்த ஊரில் இவ்விலக்கின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 1936 பிப்ரவரியில்தான் உரோமை இத்தடையைத் தளர்த்தி, கன்னியர் மருத்துவரும் மருத்துவச்சியருமாகப் பயிற்சி பெறலாம் என்றது. ஏழாண்டு கழித்து, 1943இல், குளோரியின் முன்முயற்சியில் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் தோன்றியது. பின்னாளில் அதன் பெயரில் 'மருத்துவமனை' நீங்கி 'நலவாழ்வு' புகுந்தது. ஒரு சொல்லின் மாற்றந்தான். ஆனால் கட்டடத்திலிருந்து ஊருக்குள் இறங்கும் நோக்கம் அதில் பதிவாகியுள்ளது. இன்று 3500க்கு மேற்பட்ட நிறுவனங்கள் இதில் உறுப்பு வகிக்கின்றன.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றுபட்ட ஆந்திரம், எச்.ஐ.வி. மிகுந்த ஆறு மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது. 2003இல் தொடங்கிய அவஹான் திட்டம் பாலியல் தொழிலாளரிடையே ஆணுறையை முன்னிறுத்தியது. திருச்சபையால் அவ்வழியில் செல்ல இயலவில்லை. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதைத் தடுப்பதிலோ அதற்குக் கோட்பாட்டுத் தடை ஏதுமில்லை. சிகிச்சையின்றிப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். பேறுவலியின்போது தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்று, 72 மணி நேரத்துக்குள் சேய்க்கு அதே மருந்து ஒருவேளை: அன்றைய முறை இவ்வளவே. இதற்கு வேண்டியவை பேறுகால அறையும், பயின்ற செவிலியும், அப்பெண் அஞ்சாமல் வரக்கூடிய வாசலும். 1936க்குப் பின் கன்னியர் எழுப்பிய அறைகள் ஏற்கெனவே அங்கிருந்தன. இதனைத் தொலைநோக்கு என்று புகழ்வது மிகை. ஒரு தேவைக்கு உருவானது மற்றொரு தேவைக்கு உதவியது, அவ்வளவுதான்.

வாசல் திறந்தே இருக்க வேண்டும் என்பதை 2005இல் இந்திய ஆயர் பேரவையின் எய்ட்ஸ் கொள்கை உறுதி செய்தது, எச்.ஐ.வி. உள்ளோரை எந்தக் கத்தோலிக்க மருத்துவமனையும் ஒதுக்கலாகாது என்பது அதன் நிலைப்பாடு. ஆனால் அதே வாசலில் இணையராக வந்து, ஒருவருக்கு மட்டுமே தொற்று உண்டு என்று அறிந்தவர்களுக்கு என்ன அறிவுரை கூறுவது? சேயைக் காக்கும் வழியறிந்த நிறுவனம், தொற்றில்லாத மனைவியைக் காப்பதில் தடுமாறியது. 2010இல் பதினாறாம் பெனடிக்ட் ஒரு நேர்காணலில், பாலியல் தொழிலில் உள்ளவர் ஆணுறை அணிவது பொறுப்புணர்வின் முதற்படியாகலாம் என்றார். உலகெங்கும் விவாதம் எழுந்தது. அவர் கூற்று மணவாழ்வைக் குறித்ததன்று என வத்திக்கான் அதே ஆண்டு டிசம்பரில் விளக்கம் வெளியிட்டது.