'தொழில்' என்ற கட்டம்

அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று ஒற்றைச் சொல்லாக எழுதியிருப்பார்கள். நாங்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. அந்தக் கட்டத்தின் அருமை, மூக்குப் புற்றுநோயின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

லண்டனுக்கு வடமேற்கே ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் பீச் மரக் காடுகள். பல தலைமுறைகளாக நாற்காலி செய்வதில் பேர்பெற்ற ஊர். 1960-களில் அந்த வட்டாரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர் எஸ்மி ஹாட்ஃபீல்டு அம்மையார். மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் புற்றுநோய் வருவது மிக அபூர்வம். அவரிடமோ அடுத்தடுத்து நோயாளிகள் வந்தார்கள். அதிலும் 'அடினோகார்சினோமா' என்ற ஒரே வகைக் கட்டி திரும்பத் திரும்பத் தென்பட்டது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தார். பலரும் மேசை, நாற்காலி செய்யும் தச்சர்கள்!

ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் அச்சிசன், மாக்பெத் முதலியோருடன் சேர்ந்து பழைய பதிவேடுகளை அலசினார். 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளிவந்தது. ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூள்மீதே சந்தேகம் விழுந்தது. பல்லாண்டுகள் அதைச் சுவாசித்தவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் நோய் வந்தது. 1969-ல் பிரிட்டிஷ் அரசு இதை நிவாரணத்துக்குரிய தொழில்நோயாகச் சேர்த்தது. 1995-ல் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது.

அந்நாளில் எக்ஸ்ரேயில் சிறு கட்டி எளிதில் தெரியாது. முற்றிய பிறகு மூக்கோரமாக முகத்தைக் கீறி எடுத்து, கதிர்வீச்சும் கொடுப்பார்கள். இன்று மூக்குத் துவாரம் வழியாக எண்டாஸ்கோப் செலுத்திப் பார்க்கிறார்கள். சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். ஸ்கேனில் கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று அறிகிறார்கள். பலருக்கு முகத்தில் தழும்பே இல்லாமல் அகற்றிவிட முடிகிறது.

இதெல்லாம் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான். ஜலதோஷம் என்றால் பெரும்பாலும் சில நாளில் விட்டுவிடும். ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, அந்தப் பக்கமே அடிக்கடி ரத்தம் கசிந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டறையில் இழைப்புளி பிடித்தவராக இருந்தால், வேலையை விட்டு இருபது வருஷம் ஆகியிருந்தாலும், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.