பிராம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விருந்துக்குப் பிராம் என்று பெயர். புரொமனேட் என்பதன் குறுக்கம். காலாற நடப்பது, உலாப் போவது என்று பொருள். பிரெஞ்சு வழி வந்த சொல். இன்னும் பின்னால் போனால், ஆடுமாடுகளை அதட்டி ஓட்டும் லத்தீன் வினைச்சொல்லில் போய் நிற்கிறது. (ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.) 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரி நடனங்களுக்கு இப்பெயர் வழங்கியது, ஜோடி ஜோடியாக அணிவகுத்து நுழைவது அன்றைய வழக்கம். சில சிற்றூர்களில் அந்த நடை இன்றும் உண்டு. பெற்றோர் உட்கார்ந்து படம்பிடிப்பார்கள்.

லண்டனில் 1895இல் தொடங்கிய பிராம்ஸ் கச்சேரிகளுக்கும் இதே வேர்தான். அங்கே நடனமில்லை.

பிராமுக்குப் போகும் பெண்ணின் மணிக்கட்டில் கட்டும் பூவுக்குக் கோர்சாஜ் என்று பெயர். முதலில் அது கவுனின் மேற்பகுதியைக் குறித்தது. பிறகு அதில் குத்திய பூவை. பூ கைக்கு இறங்கிய பின்னும் பெயர் கூடவே வந்துவிட்டது.

புதுவரவு, 'பிராம்போசல்': துணையாக வரச்சொல்லிப் பதாகையும் பலூனுமாகக் கேட்பது. விசா நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி பிராம் செலவு 919 டாலர். அதில் 324 டாலர், வருகிறாயா என்று கேட்பதற்கு மட்டும்.